மூச்சு விடும் பேட்டரி

அந்த டிஜிட்டல் வெர்னியர் பொய் சொல்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எப்போதிலிருந்து சொல்கிறது என்பதில்தான் தகராறு.

மேனேஜர் ராஸ் பிக்கெட் இருபத்தைந்து மில்லிமீட்டர் இரும்புக் கட்டை ஒன்றை அதன் தாடைகளுக்கு நடுவே வைத்து மூடினார். திரையில் 25.31 என்று வந்தது. கண் சிமிட்டியது. 24.88 ஆயிற்று. மறுபடி சிமிட்டிவிட்டு இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ போய் நின்றது.

"பார்த்துக்குங்க," என்றார் ராஸ். "இதை வெச்சுத்தான் சர்க்கரை ஆலை கிரேன் கொக்கிக்குப் போன இரும்புப் பின்னை அளந்திருக்கா. சரியா இருக்குன்னு முத்திரையும் குத்தியிருக்கா. அந்தப் பின் முறிஞ்சு, கொக்கி கழண்டு, கீழே நின்ன ஆலைத் தொழிலாளி வெஸ் லாங்கனுக்கு முழங்காலுக்குக் கீழே காலே இல்ல."

'அவ' எதிரே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பாலீன் ஜாமிட். ஐம்பதைத் தாண்டியவள். ஆல்ட்ரிட்ஜ் இரும்புப் பட்டறையில் செய்யும் சாமான்களை அளந்து பார்த்து வெளியே அனுப்புவது அவள் வேலை. அவள் முத்திரை விழாத சாமான் வாசல் தாண்டாது. ஆஸ்திரேலியாவின் மக்காய் ஊரைச் சுற்றியுள்ள ஆலைக்காரர்கள் அவள் முத்திரையைப் பார்த்தால் மறுபடி அளந்து பார்க்கமாட்டார்கள்.

"ரெண்டு மணிக்கு அரசாங்க இன்ஸ்பெக்டர் வர்றார், பாலீன்," என்றார் ராஸ், குரலைத் தணித்து. "கருவி கெட்டிருந்தது, நான் கவனிக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. வேலை போகும், அவ்வளவுதான். வழக்கு வராம நான் பார்த்துக்கறேன்."

"சொல்லமாட்டேன்."

"யோசிச்சுப் பாரு."

"யோசிச்சுட்டுத்தான் சொல்றேன். சொல்லமாட்டேன். வேணும்னா என்னைத் தூக்கி ஜெயில்ல போடுங்க. செய்யாததைச் செஞ்சேன்னு சொல்ல எனக்கு வாய் வராது."

சுவரோரமாக நின்றுகொண்டிருந்த டாரில் ஹோகனுக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. பக்கத்தில் கிளெனிஸ் சான்டோ நின்றிருந்ததால் அடக்கிக்கொண்டான்.

கிளெனிஸ் துப்பறிவாளர். மீன் வறுவல் கடைக்கு மேல்மாடியில் ஆபீஸ். பாலீனின் தொழிற்சங்கம்தான் இன்று காலை அவளை அனுப்பியிருந்தது. டாரில் அவளுடைய உதவியாளன். அதற்குமுன் அவளுடைய மாப்பிள்ளை. அவள் மகள் அவனை விவாகரத்து செய்து வெகுகாலமாகிவிட்டது. "என் மகதான் உன்னை விட்டா, நான் விடல. உன்னை மாதிரி கார் ஓட்ட ஆள் கிடைக்காது," என்று கிளெனிஸ் அவனை வைத்துக்கொண்டாள். அவனும் 'அத்தை' என்று கூப்பிடுவதை நிறுத்தவில்லை.

"இந்த வெர்னியர் எங்க இருந்தது, மிஸ்டர் பிக்கெட்?" கிளெனிஸ் கேட்டாள்.

"விபத்து நடந்த அன்னிக்கு சாயங்காலமே வாங்கி, கவர்ல போட்டு ஒட்டி, அந்த அலமாரியில வெச்சுப் பூட்டிட்டேன். இன்னிக்குத்தான் வெளியே வருது." ராஸ் சட்டைக்குள்ளிருந்து ஒரு கயிற்றை இழுத்துக் காட்டினார். நுனியில் சாவி. "இந்தச் சாவிக்கு ரெட்டை கிடையாது. குளிக்கும்போதுகூடக் கழட்டமாட்டேன். யாரும் கை வைக்கலங்கறதுக்கு நானே சாட்சி."

அவர் எழுந்து போய், முதுகைக் காட்டிக்கொண்டு, அலமாரிக் கதவைத் திறந்து மூடிக் காட்டினார். கழுத்துவரை இறங்கிய நரைத்த முடி விசிறிபோல ஆடியது.

"இந்த முடிக்குள்ள ஒரு குருவிக் குடும்பத்தை வாடகைக்கு விடலாம், அத்தை," என்றான் டாரில், முணுமுணுப்பைவிடச் சற்று உரக்கவே.

பாலீன் கூட உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். ராஸ் திரும்பி வந்து எதுவும் நடக்காததுபோல உட்கார்ந்தார்.

"பேட்டரியைப் பார்க்கலாமா?" என்றாள் கிளெனிஸ்.

"தாராளமா. என் கண்ணெதிரே பாருங்க."

டாரில் ஒரு நாணயத்தால் மூடியைத் திருகித் திறந்தான். உள்ளங்கையில் விழுந்த பட்டன் பேட்டரி சட்டைப் பித்தானைவிடச் சற்றுத் தடிமன்.

"அதுல எஸ்.ஆர். நாப்பத்து நாலுன்னு இருக்கும் பாருங்க," என்றாள் பாலீன். "வெர்னியருக்கு நான் சில்வர் ஆக்சைடு தவிர வேற போடறதில்ல. எல்.ஆர்.னு ஆரம்பிச்சா அல்கலைன். அளவு ஒண்ணுதான், விலை பாதி. ஆனா அல்கலைன் போட்ட நாள்லேர்ந்தே கொஞ்சம் கொஞ்சமா இறங்கிக்கிட்டே வரும். திரை சிமிட்டும், நம்பர் உளறும். சில்வர் அப்படியில்ல. கடைசி நாள் வரைக்கும் ஒரே நிலையா நிக்கும். செத்தா ஒரேயடியா சாகும்."

"எங்க மாமனார் மாதிரி," என்றான் டாரில்.

"என் புருஷனைப் பத்திப் பேசற," என்றாள் கிளெனிஸ், பேட்டரியிலிருந்து கண்ணை எடுக்காமல். "நம்பரைப் படி."

படித்தான். எஸ்.ஆர். இல்லை. எல்.ஆரும் இல்லை. 675 என்று மட்டும் இருந்தது. அதைவிட விசித்திரமாக, மேல்தட்டில் குண்டூசியால் குத்தினாற்போல நாலைந்து நுண்ணிய ஓட்டைகள்.

பாலீன் எட்டிப் பார்த்தாள். அவள் முகம் முதல்முறையாக வெளிறியது.

"இது என்னுது இல்ல."

"உன் வெர்னியர்லதானே இருக்கு?" என்றார் ராஸ். "இப்ப இன்னும் மோசமாப் போச்சு. கெட்டுப்போன பேட்டரின்னு நினைச்சேன். பேட்டரியே தப்பு. அகப்பட்டதை எடுத்துப் போட்டுட்டு அளந்திருக்க. இன்ஸ்பெக்டருக்கு இது ஒண்ணு போதாதா?"

போதும் என்றுதான் டாரிலுக்கும் தோன்றியது. காப்பாற்ற வந்த இடத்தில் குழி தோண்டிவிட்டோமே என்றிருந்தது. ஆனால் கிளெனிஸ் அந்த ஓட்டைகளைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிப் புன்னகைத்தால் யாருக்கோ சாப்பாடு இறங்காது என்று அனுபவத்தில் அவனுக்குத் தெரியும்.

"போட்டோ எடுத்துக்க, மாப்ள. வெளியே போய் ஒரு வாய் டீ குடிப்போம்."

*

பட்டறையில் மதியச் சாப்பாட்டு இடைவேளை. லேத்துகள் ஓய்ந்திருந்தன; காற்று கம்ப்ரசர் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. ஜூலை வெயில் இதமாகத் தகரக் கூரையில் படுத்திருந்தது. வெளியே கரும்பு ஏற்றிய குட்டி ரயில் ஒன்று ஆலையை நோக்கிக் குலுங்கிக்கொண்டு போயிற்று.

டாரில் போட்டோவைத் தன் போனில் பெரிதாக்கித் தேடிப் பார்த்தான். அடுத்த நொடி துள்ளினான்.

"அத்தை! இது காது மெஷினுக்குப் போடற பேட்டரி!"

"தெரியும்."

"தெரிஞ்சா சொல்லக்கூடாதா?"

"நீ கண்டுபிடிச்சா உனக்கு ஒரு சந்தோஷம். யார் காதுல மெஷின் இருக்குன்னும் பார்த்துட்டியா?"

பார்த்துவிட்டான். மூலையில் பெஞ்சில் உட்கார்ந்து இறைச்சி அடைத்த மீட் பை தின்றுகொண்டிருந்தார் ஃபோர்மேன் கெவ் டிரஸ்கோட். இரண்டு காதுக்குப் பின்னாலும் ஒவ்வொரு மெஷின், ஒளிவுமறைவில்லாமல்.

டாரில் அவர் எதிரே போய் இடுப்பில் கைவைத்து நின்றான். "மிஸ்டர் டிரஸ்கோட், பாலீனோட வெர்னியர்ல உங்க பேட்டரி எப்படி வந்தது?"

கெவ் வாயில் இருந்ததை மென்று, நிதானமாக விழுங்கினார். "யாருப்பா இது? டீவியில வர்ற ஆளா?"

"என் மாப்பிள்ளை," என்றாள் கிளெனிஸ், பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு. "முன்னாள்."

"உங்க பொண்ணு புத்திசாலி." கெவ் காதிலிருந்து ஒரு மெஷினைக் கழற்றி, குட்டிக் கதவைத் திறந்து, பேட்டரியைத் தட்டி எடுத்தார். பக்கத்திலிருந்த தன் வெர்னியரின் மூடியைத் திருகி, உள்ளே இருந்த பேட்டரியை எடுத்துவிட்டு, அந்தக் குழியில் இதைப் போட்டார். வெர்னியரைக் காதோரம் ஆட்டினார். உள்ளே கிலுகிலுப்பை மாதிரி சத்தம். "கேக்குதா? எனக்குக் கேக்கல, மெஷினைக் கழட்டிட்டேன். என்னுது இத்தனூண்டு. பிரவுன் ஸ்டிக்கர். நீ காட்டற போட்டோ நீல ஸ்டிக்கர், பெரிய சைஸ். பக்கத்துல இடி விழுந்தாலும் கேக்காதவங்களுக்கு அது."

டாரில் இடுப்பிலிருந்து கையை எடுத்தான்.

"ஸ்டிக்கர்னா?" என்று கேட்டாள் கிளெனிஸ்.

கெவ் இரண்டு பேட்டரியையும் அதனதன் இடத்தில் போட்டு, மெஷினை மாட்டிக்கொண்டு, மறுபடி கேட்கச் சொல்லி, பதில் சொன்னார். "புதுசுல மேலே கலர் காகிதம் ஒட்டியிருக்கும். உரிச்சாத்தான் ஓட்டை வழியா காத்து உள்ள போகும். காத்து போனாத்தான் அதுக்கு உயிர். அது மூச்சு விடற சாதிம்மா. உரிச்சாச்சுன்னா முடிஞ்சுது, மெஷின்ல போட்டாலும் சரி, சட்டைப் பையில போட்டாலும் சரி, சில வாரத்துல செத்துடும்."

கிளெனிஸ் டீ கோப்பையைக் கீழே வைத்தாள். "ஆலைக்கு அந்தப் பின் எப்பப் போச்சு?"

"பிப்ரவரியில. சீசனுக்கு முன்னாடி."

"இப்ப ஜூலை. அந்த பேட்டரி இன்னும் முனகிக்கிட்டிருக்கு."

டாரிலுக்குப் பொறி தட்டியது. "அப்படின்னா பிப்ரவரியில பின்னை அளந்தப்ப இது வெர்னியருக்குள்ள இருந்திருக்கவே முடியாது!"

"இருந்திருந்தா எப்பவோ செத்திருக்கும். ஆக, இதை வெச்சு அந்தப் பின்னைப் பத்தி ஒரு வார்த்தை பேச முடியாது. சரி, எப்ப உள்ளே போச்சு? கெவ், பாலீன் அந்த வெர்னியரைக் கடைசியா எப்ப எடுத்தாங்க?"

"விபத்து நடந்த அன்னிக்குக் காலையில கூட நானும் அவளும் ஒரு புஷ் வளையத்தை அளந்தோம். நான் என்னுதுல, அவ அவளுதுல. ரெண்டும் ஒரே நம்பர். சிமிட்டவே இல்ல."

"அன்னிக்கு சாயங்காலம் அலமாரிக்குள்ள போயிடுச்சு," என்றான் டாரில் மெதுவாக. "சாவி ராஸ் கழுத்துல. ஆனா அத்தை, அந்த ஆளு காதுல மெஷினே இல்லையே. காலையிலேர்ந்து அவர் முதுகுக்குப் பின்னாடி நின்னு எவ்வளவு கிண்டல் பண்ணியிருப்பேன்! ஒருதடவைகூட முறைக்கல. பெரிய மனுஷன்தான், பாவம்."

கிளெனிஸ் அவனை ஏறிட்டுப் பார்த்தாள். "டாரில், உன் ஜோக்குக்கு யாராவது சிரிச்சு நான் பார்த்ததில்ல. ஆனா கோபப்படாத ஒருத்தரை இன்னிக்குத்தான் பார்த்தேன்."

அவள் எழுந்துவிட்டாள்.

"கெவ், நீங்களும் வாங்க. சாப்பாட்டை அப்புறம் முடிச்சுக்கலாம்."

*

ஐந்து பேருக்கு அந்த ஆபீஸ் சின்னது. ராஸ் மேஜைக்குப் பின்னால் இருந்தார். பாலீன் அதே நாற்காலியில் அதே நிமிர்வுடன். கெவ்வும் டாரிலும் கதவோரம்.

"இன்ஸ்பெக்டர் வர்ற நேரம்," என்றார் ராஸ். "பாலீன் மனசு மாறியாச்சா?"

"எனக்கு ஒரே ஒரு சந்தேகம்," என்றாள் கிளெனிஸ், அவர் முகத்துக்கு நேராக. "வெர்னியர் அலமாரிக்குள்ள போனதுக்கப்புறம் உங்களைத் தவிர யாரும் தொடலன்னு சொன்னீங்க. மறுபடி சொல்லமுடியுமா? கெவ்வுக்கும் கேக்கட்டும்."

"ஆயிரம் தடவை சொல்றேன். என்னைத் தவிர யாரும் தொடல. தொட முடியாது."

"நன்றி."

கிளெனிஸ் ஜன்னலுக்கு நடந்தாள். எல்லோருக்கும் முதுகைக் காட்டி நின்று, வெளியே கார்களைப் பார்த்தபடி, சாதாரணக் குரலில் கேட்டாள்.

"ராஸ், உடைஞ்சு போன பின்னை எந்தக் கடையில வாங்கினீங்க?"

பாலீனின் தலை சடாரென ராஸ் பக்கம் திரும்பியது. கெவ்வின் தலையும். டாரிலுடையதும். ராஸ் மட்டும் பேனா மூடியைத் திருகியபடி, யாராவது பேசுவார்கள் என்று காத்திருக்கிற மனிதரின் முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

கம்ப்ரசர் உறுமிக்கொண்டே இருந்தது.

பிறகு மூன்று பேர் தன்னையே பார்ப்பதை அவர் கவனித்தார். பார்வை ஒவ்வொரு முகமாகப் போயிற்று. ஏதோ கேட்கப்பட்டிருக்கிறது, தனக்கு மட்டும் எட்டவில்லை என்பது அவருக்குப் புரிந்த கணத்தை டாரில் நேருக்கு நேர் பார்த்தான். அவனுக்கு வேறு பக்கம் திரும்பிக்கொள்ளத் தோன்றியது.

கிளெனிஸ் திரும்பி வந்து அவர் எதிரில் நின்றாள். இப்போது மெதுவாக, உதடு தெரியும்படி பேசினாள். "முடியை ஒதுக்குங்க, மிஸ்டர் பிக்கெட்."

அவர் கை தானாக எழுந்து முடியை ஒதுக்கியது. நரைமுடிக்கு அடியில், காதுக்குப் பின்னால், தோல் நிறத்தில் தடிமனான மெஷின்.

"காது கேக்காதது குற்றமா?" என்றார். குரல் உடைந்திருந்தது; ஆனாலும் முறைத்தார். "இந்தப் பட்டறையில, இதே லேத்ல நின்னுதான் போச்சு. மெஷினைப் போட்டும் உதட்டைப் பார்த்தாத்தான் புரியும். தெரிஞ்சா இந்த நாற்காலியில என்னை விட்டு வெச்சிருப்பாங்களா?"

"நானும் அதே லேத்ல நின்னவன்தான் ராஸ்," என்றார் கெவ். "எனக்கும் போச்சு. நான் வெளியே போட்டுக்கிட்டு நடக்கறேன். நீ என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

"காது கேக்காதது குற்றமில்ல," என்றாள் கிளெனிஸ். "வெர்னியர்லேர்ந்து நல்ல பேட்டரியை எடுத்துட்டு, உங்க காது மெஷின் பேட்டரியை அதுல போட்டீங்க பாருங்க, அது குற்றம். பாலீன் அளந்து அனுப்பின பின்னா இருந்தா இந்த வேலை உங்களுக்கு எதுக்கு? அதான் எந்தக் கடைன்னு கேட்டேன். அளவு பொருந்துச்சு, திரையும் உளறுச்சு, நல்லதாப் போச்சுன்னு நினைச்சீங்க. ஆனா அது மூச்சு விடற பேட்டரி. பிப்ரவரியில அதுக்கு உயிரே வந்திருக்காது. விபத்து அன்னிக்குக் காலையில அந்த வெர்னியர் ஒழுங்கா ஓடினதுக்கு கெவ் சாட்சி. அதுக்கப்புறம் யாரும் தொடலங்கறதுக்கு நீங்களே சாட்சி. ஆயிரம் தடவை."

ராஸ் பேனாவை மேஜையில் வைத்தார். அது உருண்டு கீழே விழுந்தது. அவர் குனிந்து எடுக்கவில்லை.

"எஃகு வந்து சேரல," என்றார் கடைசியில். "சீசன் தலைக்கு மேல வந்துடுச்சு. ஆலைக்காரன் தினமும் கழுத்துல உட்கார்ந்தான். வெளியூர்ல ஒருத்தன் ரெடிமேடா வெச்சிருந்தான். பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு. பன்னிரண்டு வாங்கினேன். பாலீன் லீவுல இருந்த வாரம்... அவ முத்திரையை நானே குத்தினேன்."

பாலீன் எழுந்தாள். அவர் அழுவார், கெஞ்சுவார், அவள் கத்துவாள் என்று டாரில் எதிர்பார்த்தான். அவள் கத்தவில்லை. ஆனால் இத்தனை வருஷமும் மேனேஜருக்குக் கொடுத்துவந்த மரியாதை அந்த நொடியில் அவள் பேச்சிலிருந்து உதிர்ந்துவிட்டது.

"பன்னிரண்டா?"

"ஆமா."

"ஒண்ணு உடைஞ்சுது. மீதி பதினொண்ணு எங்கடா இருக்கு?"

ராஸ் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். புரியாமலில்லை.

"சொல்லு!"

"ஓடிக்கிட்டிருக்கு," என்றார் அவர். "எல்லா கிரேன்லயும்."

அந்த ஆலைக்குள் இந்த நேரத்தில் எத்தனை பேர் எத்தனை கொக்கிக்குக் கீழே நின்றுகொண்டிருப்பார்கள்? இதற்கு டாரிலின் வாயில் எந்தக் கிண்டலும் வரவில்லை. அவன் போனை எடுக்கப் பைக்குள் கைவிட்டான். அதற்குள் பாலீன் மேஜைப் போனை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்ற?" ராஸ் எழுந்தார். "பாலீன், இரு. இன்ஸ்பெக்டர் வரட்டும், முறைப்படி பேசுவோம். சீசன் நடுவுல ஆலையை நிறுத்தினா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா? வெட்டின கரும்பு காய்ஞ்சு போகும். உங்க அண்ணன் ஜோயியோட கரும்புதான் இப்ப ரயில்ல போய்க்கிட்டிருக்கு! இந்த ஊர்ல ஒருத்தன் உன் முகத்துல முழிக்கமாட்டான்!"

"உன் முகத்துல முழிச்சதைவிடவா?" என்றாள் பாலீன், எண்களை அழுத்தியபடி.

ராஸின் கை போனை நோக்கி நீண்டது. கெவ் நடுவில் வந்து நின்றார். அவர் ஒன்றும் செய்யவில்லை; சும்மா நின்றார். அவர் அகலத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

"கண்ட்ரோல் ரூமா? கிரேன் எல்லாத்தையும் இப்பவே நிறுத்துங்க... இல்ல, ஷிஃப்ட் முடியற வரைக்கும் இல்ல, இப்பவே. கொக்கிக்குக் கீழே நிக்கறவங்களை வெளியே வரச் சொல்லுங்க. கிரேன் நின்னா ஆலை நிக்கும், தெரியும். நிறுத்துங்க."

மறுமுனையில் ஓர் ஆண் குரல் கோபமாக இரைவது டாரிலுக்கே கேட்டது. யார் இதைச் சொல்வது, யார் கொடுத்த அதிகாரம் என்று கேட்டுக்கொண்டிருந்தது அந்தக் குரல்.

"பாலீன் ஜாமிட். அந்தப் பின்ல இருக்கிற முத்திரை என் பேர்ல இருக்கு. அதை நான் அளக்கல. நான் அளக்காத சாமானுக்குக் கீழே ஒருத்தனும் நிக்கக்கூடாது. அதிகாரம் வேணுமா? வெஸ் லாங்கன் ஆஸ்பத்திரியில படுத்திருக்கான், அவன்கிட்டப் போய்க் கேளு."

மறுமுனையில் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். ஓடுகிற காலடிச் சத்தம். பிறகு இணைப்பு துண்டிக்கப்பட்டது.

"நிறுத்துவாங்களா?" என்றான் டாரில்.

ராஸ் நாற்காலியில் சரிந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக ஜன்னலுக்குப் போனார்கள். கரும்புக் காட்டுக்கு அப்பால் ஆலைப் புகைபோக்கி தெரிந்தது. ஜூனிலிருந்து இரவு பகல் ஓயாமல் கக்கிக்கொண்டிருந்த வெள்ளை ஆவி இன்னும் கக்கிக்கொண்டுதான் இருந்தது.

அரசாங்க இன்ஸ்பெக்டரின் கார் வாசலில் திரும்பியது. கிளெனிஸ்கூட அதைக் கவனிக்கவில்லை.

ஆவி மெலிந்தது. திரி போலாயிற்று. விட்டுவிட்டு வந்தது. அப்புறம் வானம் மட்டும் இருந்தது.

கெவ் நீளமாக மூச்சுவிட்டார். "அம்மாடி," என்றார்.

கிளெனிஸ் பாலீனின் தோளைத் தொட்டாள். "வெளியே போய் இன்ஸ்பெக்டர்கிட்ட நான் பேசட்டுமா? நீங்க கொஞ்சம் உட்காருங்க."

"வேண்டாம். நானே பேசறேன். பேசிட்டு ஆலைக்குப் போகணும். பதினொண்ணையும் கழட்டி, ஒவ்வொண்ணா அளக்கணும்." அவள் கெவ்விடம் கையை நீட்டினாள். "உன் வெர்னியரைக் கொடு."

அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுக்கும்போதே அவளுடைய கைபேசி அலறியது. திரையில் 'ஜோயி அண்ணன்' என்றிருந்தது. அவள் அதைக் காதில் வைத்த மாத்திரத்தில், பாதி ஆங்கிலமும் பாதி வீட்டு மொழியான மால்ட்டீஸுமாக ஒரு கூச்சல் அறை முழுக்கக் கொட்டியது. கரும்பு, ரயில், எந்தப் பைத்தியம் ஆலையை நிறுத்தியது என்பதெல்லாம் அதில் இருந்தன.

அண்ணன் மூச்சு வாங்கும்வரை பாலீன் பொறுத்திருந்தாள்.

"ஆமாண்ணே," என்றாள், வெர்னியரைப் பையில் செருகிக்கொண்டு கதவை நோக்கி நடந்தபடி. "நான்தான் நிறுத்தினேன்."